உடம்பு வலிக்குப் பூரிக்கட்டை!

"உடம்பெல்லாம் அடித்துப் போட்டது போல வலிக்கிறது!"

இந்தப் பேச்சு கேட்காத வீடு உண்டா?

நாள் முழுவதும் தறியில் உட்கார்ந்து இருந்தவர் சொல்கிறார். குனிந்து நாற்று நட்டு விட்டு வந்த அம்மாள் சொல்கிறார். கம்ப்யூட்டர் முன்னால் கழுத்தை நீட்டிக் கொண்டு இருந்த மகன் சொல்கிறான். பழனி மலை ஏறி இறங்கினால், மறுநாள் காலையில் குடும்பமே சொல்கிறது!

அப்போது கை எதைத் தேடுகிறது? தைலப் புட்டியை. இல்லாவிட்டால் வலி மாத்திரையை.

வலி மாத்திரையை அடிக்கடி விழுங்கினால் வயிறும் கெடும், சிறுநீரகமும் கெடும். அதற்கு முன்னால் செய்து பார்க்கக் கூடிய எளிய வழி ஒன்று இருக்கிறது. அதற்கு வேண்டிய கருவி உங்கள் சமையல் அறையிலும், உங்கள் பையனின் விளையாட்டுச் சாமான்களிலும் இப்போதே இருக்கிறது.

ஒன்று பூரிக்கட்டை. மற்றொன்று பந்து!

சிரிக்க வேண்டாம். மனைவி கையில் பூரிக்கட்டையைக் கண்டால் கணவன் ஓடுவதாகத்தான் இதுவரை சிரிப்புப் படம் போட்டு இருக்கிறார்கள். இனி அதை வலிக்கும் காலுக்கும் உருட்டிப் பார்க்கலாம்.

ஆனால் ஒன்று. எந்த வலியைத் தேய்க்கலாம், எந்த வலியைத் தேய்க்கவே கூடாது என்பது தெரிய வேண்டும். அது தெரியாமல் உருட்டினால் உயிருக்கே ஆபத்து வரலாம். இரண்டையும் பார்ப்போம்.

பிடித்து விட ஆள் எங்கே?

உடம்பு பிடித்து விடுவது நமக்குப் புதிது அல்ல. சித்த வைத்தியத்தில் இதற்குத் "தொக்கணம்" என்று பெயர். உடம்பின் மேல் செய்யும் வைத்திய முறைகள் 32 என்று சித்தர்கள் வகுத்தார்கள். அவற்றில் தொக்கணமும் ஒன்று. அதிலும் 9 வகை உண்டு. தட்டல், பிடித்தல், அழுத்தல், இழுத்தல், அசைத்தல் என்று அது விரிந்து கொண்டே போகிறது.

அந்தக் காலத்தில் தாத்தா திண்ணையில் படுத்துக் கொள்வார். பேரனைக் கூப்பிட்டுக் காலை மிதிக்கச் சொல்வார். பேரனுக்கு அது விளையாட்டு. தாத்தாவுக்கு அதுதான் வைத்தியம்.

இன்று பேரன் வெளியூரில் படிக்கிறான். மகனும் மருமகளும் வேலைக்குப் போகிறார்கள். தன் முதுகைத் தானே பிடித்துக் கொள்ளலாம் என்றால் கை எட்டவில்லை! அந்தக் குறையைத் தீர்க்க வந்தவைதான் கையில் பிடித்து உருட்டும் கட்டைகள், அழுத்தும் பந்துகள், மின்சாரத்தில் துடிக்கும் இயந்திரங்கள்.

ராஜாவின் "ஷாம்பு" டாக்டர்

உடம்பு பிடிக்கும் கலையை இங்கிலாந்தில் பரப்பியவர்களில் முக்கியமானவர் ஓர் இந்தியர். அவர் பெயர் சேக் தீன் முகமது. 1759-ல் பாட்னாவில் பிறந்தவர். கப்பல் ஏறி அயர்லாந்து போனார். பிறகு இங்கிலாந்தில் பிரைட்டன் என்ற கடற்கரை ஊரில் குளியல் நிலையம் வைத்தார்.

அங்கே அவர் செய்தது என்ன? வெந்நீர் ஆவியில் உட்கார வைத்து உடம்பைப் பிடித்து விட்டார். அதற்கு அவர் சொன்ன பெயர், "ஷாம்பு"! உடம்பை அமுக்குவதைக் குறிக்கும் இந்திச் சொல்லில் இருந்து பிறந்தது அது. தலைக்குத் தேய்க்கும் ஷாம்புவுக்கு அந்தப் பெயர் வந்தது பின்னால்தான்.

பிரபுக்கள் தேடி வந்தார்கள். கடைசியில் இங்கிலாந்து மன்னர் 4-ம் ஜார்ஜுக்கே அவர் "ஷாம்பு வைத்தியர்" ஆனார்!

மறுநாள் வலிப்பது ஏன்?

மலை ஏறிய அன்று வலி அவ்வளவாகத் தெரியாது. மறுநாள்தான் காலைத் தூக்கி வைக்க முடியாது. அதற்கு அடுத்த நாள் இன்னும் மோசம். ஏன் இப்படி?

பழக்கம் இல்லாத வேலையைச் செய்யும்போது தசை நார்களில் மிக நுண்ணிய காயங்கள் ஏற்படுகின்றன. அவற்றைச் சரி செய்ய உடம்பு வேலையைத் தொடங்குகிறது. அப்போது அந்த இடத்தில் அழற்சி உண்டாகிறது. நரம்புகள் கூச்சம் அடைகின்றன. அதற்கு நேரம் பிடிக்கிறது. அதனால்தான் ஒன்று முதல் மூன்று நாளில் வலி உச்சத்தை அடைகிறது. சுமார் ஒரு வாரத்தில் தானே போய் விடுகிறது.

இந்த மறுநாள் வலியைப் பற்றி 1902-லேயே எழுதியவர் தியோடர் ஹப் என்ற அமெரிக்க அறிஞர்.

இன்னொரு வேடிக்கை. மலை ஏறுவதை விட இறங்குவதுதான் தசைக்கு அதிகக் காயம் தருகிறது! இறங்கும்போது தொடைத் தசை நீண்டு கொண்டே உடம்பின் பாரத்தையும் தாங்குகிறது. கயிற்றை இழுத்துப் பிடித்துக் கொண்டே மெல்ல விடுவது போல. கிணற்றில் வாளி இறக்கியவர்களுக்கு இது புரியும்.

"தசையில் அமிலம் தேங்கி விட்டது, தேய்த்தால் கரைந்து விடும்" என்று சிலர் சொல்வார்கள். அது சரி அல்ல. கடும் உழைப்பில் சேரும் லாக்டிக் அமிலம் ஒன்று, இரண்டு மணி நேரத்திலேயே உடம்பில் கரைந்து விடுகிறது. மறுநாள் வலிக்கு அது காரணம் அல்ல.

தேய்த்தால் குறைவது எப்படி?

ஓடி விளையாடும் குழந்தை முட்டியை இடித்துக் கொள்கிறது. "வீல்" என்று கத்துகிறது. தாய் என்ன செய்கிறாள்? முட்டியைத் தேய்த்து விடுகிறாள். அழுகை அடங்குகிறது.

இதற்கான காரணத்தை 1965-ல் ரொனால்டு மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இரண்டு விஞ்ஞானிகள் விளக்கினார்கள். வலிச் செய்தி முதுகுத் தண்டின் வழியாக மூளைக்குப் போகிறது. அங்கே ஒரு "வாசல்" இருப்பதாக வைத்துக் கொள்ளுங்கள். தேய்க்கும்போது தொடு உணர்ச்சியும் அதே வாசலுக்கு வருகிறது. அது வந்தால் வலிக்கு வாசல் பாதி மூடப்படுகிறது!

கனடா நாட்டில் மெக்மாஸ்டர் பல்கலைக் கழகத்தில் ஒரு சோதனை நடந்தது. அதன் முடிவு 2012-ல் வெளிவந்தது. 11 வாலிபர்களைக் களைத்துப் போகும் வரை சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். பிறகு ஒரு காலை மட்டும் 10 நிமிஷம் பிடித்து விட்டார்கள். இரண்டு கால்களில் இருந்தும் சிறு தசைத் துணுக்கை எடுத்துப் பார்த்தார்கள். பிடித்து விட்ட காலில் அழற்சியின் அடையாளங்கள் குறைந்து இருந்தன. ஆனால் லாக்டிக் அமிலத்தின் அளவில் மாற்றம் இல்லை!

ஆகவே தேய்ப்பதில் பலன் உண்டு. ஆனால் அளவான பலன்தான். வலி குறையும், உடம்பு லேசாகும். கொழுப்புக் கரையாது. "கெட்ட நீர்" வெளியேறாது. அப்படிச் சொல்லி விற்பவர்களை நம்ப வேண்டாம்.

பூரிக்கட்டை முறை

ஓட்டப் பந்தய வீரர்கள் கையில் பிடித்து உருட்டும் கட்டை ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். அது நம் பூரிக்கட்டைக்கு அண்ணன் தம்பிதான். வழுவழுப்பான கட்டை ஒன்றை இதற்கென்று தனியாக வைத்துக் கொள்ளுங்கள். சமையலுக்கு உள்ளதை எடுத்தால் வீட்டில் சண்டை வரும்!

நாற்காலியில் உட்காருங்கள். கால் தரையில் தளர்ந்து இருக்கட்டும். கட்டையின் இரு முனைகளையும் பிடித்து, குதிகாலுக்கு மேலே தொடங்கி முழங்காலுக்குக் கீழே வரை கெண்டைச் சதையில் மெதுவாக உருட்டுங்கள். துணியின் மேல் உருட்டலாம். ஒரு நிமிஷம் போதும். பிறகு அடுத்த கால்.

தொடையின் முன்புறத்துக்கும் இதே முறைதான். முழங்காலின் பின்குழியில் மட்டும் உருட்டக் கூடாது. அங்கே ரத்தக் குழாயும் நரம்பும் மேலாக ஓடுகின்றன. முன்னங்கால் எலும்பின் மேலும் வேண்டாம். கட்டை சதைக்குத்தான், எலும்புக்கு அல்ல.

எவ்வளவு அழுத்துவது? பழைய அணாக் கணக்கு ஒன்று சொல்கிறேன். தாங்க முடியாத வலி பதினாறு அணா என்றால், உருட்டும்போது ஆறு அணாவுக்கு மேல் வலிக்கக் கூடாது. பல்லைக் கடிக்கிறீர்களா? மூச்சைப் பிடிக்கிறீர்களா? அப்படியானால் அழுத்தம் அதிகம். "வலிக்க வலிக்கத் தேய்த்தால்தான் குணம்" என்பது தவறு.

சுவரும் பந்தும்

கை எட்டாத முதுகுக்குப் பந்துதான் நல்லது. தெருவில் பையன்கள் கிரிக்கெட் ஆடும் டென்னிஸ் பந்து போதும். அதை ஒரு நீளமான காலுறைக்குள் போடுங்கள். காலுறையின் நுனியைத் தோளுக்கு மேலாகக் கையில் பிடித்துக் கொண்டு, சுவரில் முதுகைச் சாய்த்து நில்லுங்கள். பந்து தோள்பட்டை எலும்புக்கும் முதுகுத் தண்டுக்கும் நடுவில் உள்ள சதையில் இருக்க வேண்டும்.

முழங்காலை லேசாக மடக்கி நிமிருங்கள். பந்து மேலும் கீழும் உருளும். வலிக்கும் இடம் கிடைத்ததும் 20 அல்லது 30 வினாடி அப்படியே சாய்ந்து நில்லுங்கள். மூச்சை நிதானமாக விடுங்கள். பிறகு வேறு இடம். முதுகுத் தண்டின் மேல் மட்டும் பந்து ஏறக் கூடாது.

தசையில் இறுகிய முடிச்சு ஓர் இடத்தில் இருக்க, வலி வேறு இடத்தில் தெரியலாம் என்று பல காலம் ஆராய்ந்து எழுதியவர் ஜேனட் டிராவல் என்ற அமெரிக்கப் பெண் டாக்டர். தோள் தசையில் முடிச்சு இருந்தால் தலை வலிக்கலாம் என்றார். இந்த முடிச்சு என்பது என்ன என்று டாக்டர்கள் இன்றும் வாதம் செய்கிறார்கள். ஆனால் அவரிடம் சிகிச்சை பெற்ற ஒருவரை உலகமே அறியும். அவர்தான் ஜனாதிபதி கென்னடி! தீராத முதுகு வலியால் துன்பப்பட்ட கென்னடி, 1961-ல் பதவி ஏற்றதும் டிராவலை வெள்ளை மாளிகை டாக்டராக நியமித்தார். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர்தான்.

குதிகால் வலிக்கு

காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலில் "சுரீர்" என்று குத்துகிறதா? நாள் முழுவதும் நிற்கும் கண்டக்டர், ஜவுளிக்கடைப் பெண், ஆசிரியர் ஆகியோருக்கு இது அடிக்கடி வருவது உண்டு.

பிளாஸ்டிக் பாட்டிலில் முக்கால் பங்கு தண்ணீர் ஊற்றிப் பனிக்கட்டியாக உறைய வையுங்கள். காலுறை போட்டுக் கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்தபடி பாட்டிலை உள்ளங்காலுக்குக் கீழே வைத்து உருட்டுங்கள். நாலைந்து நிமிஷம் போதும்.

நீரிழிவு உள்ளவர்கள் இதைச் செய்ய வேண்டாம். அவர்களில் பலருக்குக் காலில் உணர்ச்சி மங்கி இருக்கும். சில்லிப்பும் தெரியாது, காயமும் தெரியாது. சிறு காயம் பெரும் புண்ணாகி விடும். டாக்டரைக் கேட்ட பிறகே எதையும் செய்ய வேண்டும்.

துப்பாக்கி வைத்தியம்!

இப்போது கடைகளில் "மசாஜ் துப்பாக்கி" என்று ஒன்று விற்கிறது. துப்பாக்கி என்றதும் பயப்பட வேண்டாம். வடிவம்தான் அப்படி. முனையில் ஒரு ரப்பர் உருண்டை. உள்ளே ஒரு மோட்டார். சுவிட்சைப் போட்டால் அந்த உருண்டை நிமிஷத்துக்கு 2 ஆயிரம் தடவைக்கு மேல் கூட முன்னும் பின்னும் துடிக்கும்.

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஜேசன் வெர்ஸ்லாண்ட் என்ற எலும்பு மூட்டு வைத்தியர் இருந்தார். 2007-ல் மோட்டார் சைக்கிள் விபத்தில் அடிபட்டார். வலி தாங்க முடியவில்லை. பட்டறையில் பயன்படும் மின்சாரக் கருவி ஒன்றை மாற்றி அமைத்துத் தன் தசைகளில் வைத்துப் பார்த்தார். சுகம் தெரிந்தது. அதுதான் பின்னால் விற்பனைக்கு வந்து உலகம் எங்கும் பரவியது.

ஆஸ்திரியா நாட்டில் கிராஸ் பல்கலைக் கழகத்தார் இதைச் சோதித்தார்கள். 16 ஆண்களின் கெண்டைச் சதையில் 5 நிமிஷம் வைத்தார்கள். கணுக்கால் மடங்கும் அளவு சுமார் 5 டிகிரி கூடியது. ஆனால் தசையின் பலம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இந்த முடிவு 2020-ல் வெளிவந்தது.

பலன் உண்டு. ஆனால் வேகம் உள்ள கருவிக்கு ஆபத்தும் உண்டு. சீனாவில் ஓர் இளம்பெண் சைக்கிள் பயிற்சி செய்து களைத்து இருந்தார். தொடையில் இந்தத் துப்பாக்கி வைக்கப்பட்டது. பிறகு தொடையில் தாங்க முடியாத வலி. சிறுநீர் தேநீர் நிறத்தில் போனது! தசை நார்கள் சிதைந்து ரத்தத்தில் கலந்து விட்டன. அது சிறுநீரகத்தையே கெடுக்கக் கூடிய நிலை. ஆஸ்பத்திரியில் சேர்த்துக் காப்பாற்றினார்கள். 2021-ல் ஒரு மருத்துவ இதழில் இந்த விவரம் வந்தது.

ஆகவே துப்பாக்கியைக் கையில் எடுப்பவர்கள் கவனிக்க வேண்டியவை:

மிகக் குறைந்த வேகத்தில் தொடங்குங்கள். மெத்தென்ற பெரிய உருண்டையை மாட்டுங்கள். அழுத்தாமல் மேலாக நகர்த்துங்கள். ஒரு தசைக்கு ஒன்று அல்லது இரண்டு நிமிஷம்தான். கழுத்தின் முன்புறமும் பக்கங்களும் ஆகவே ஆகாது. அங்கே மூளைக்கு ரத்தம் கொண்டு போகும் குழாய்கள் இருக்கின்றன. முதுகுத் தண்டு, மூட்டு, வயிறு, விலா ஆகிய இடங்களிலும் வைக்கக் கூடாது. குழந்தைகள் கையில் விளையாட்டுக்குக் கூடக் கொடுக்காதீர்கள்.

யாருக்குக் கூடாது?

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், எலும்பு மெலிந்தவர்கள், கர்ப்பிணிகள், புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுகிறவர்கள், இதயத்துக்குப் "பேஸ்மேக்கர்" வைத்தவர்கள் ஆகியோர் டாக்டரைக் கேட்காமல் எந்தக் கருவியையும் தொட வேண்டாம்.

புதிதாக விழுந்த அடி, சுளுக்கு, வீக்கம் ஆகியவற்றை முதல் இரண்டு மூன்று நாள் தேய்க்கக் கூடாது. தேய்த்தால் வீக்கம் கூடும். எலும்பு முறிந்து இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் ஆஸ்பத்திரிதான். காய்ச்சல், புண், புடைத்த நரம்புச் சுருள் ஆகியவை இருக்கும் இடத்திலும் கை வைக்கக் கூடாது.

"வாயு" என்று ஏமாறாதீர்கள்!

இதுதான் எல்லாவற்றையும் விட முக்கியம். நிதானமாகப் படியுங்கள்.

நம் வீடுகளில் எந்த வலிக்கும் ஒரு பெயர் தயாராக இருக்கிறது. "வாயுப் பிடிப்பு!" தோள் வலித்தாலும் வாயு. நெஞ்சு வலித்தாலும் வாயு. உடனே எண்ணெயைக் காய்ச்சித் தேய்க்கிறார்கள். பூண்டு கொடுக்கிறார்கள். ஒரு மணி நேரம் போய் விடுகிறது. அந்த ஒரு மணி நேரத்தில் ஒரு உயிரே போய் விடலாம்!

நெஞ்சில் பாரம் வைத்தது போல அழுத்துகிறதா? வலி இடது கைக்கோ, தோளுக்கோ, தாடைக்கோ, முதுகுக்கோ பரவுகிறதா? குப்பென்று வியர்க்கிறதா? மூச்சு வாங்குகிறதா? அது தசைப் பிடிப்பு அல்ல, மாரடைப்பாக இருக்கலாம். பெண்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் நெஞ்சு வலியே இல்லாமல், களைப்பும் மூச்சுத் திணறலுமாக மட்டும் கூட அது வரலாம். தேய்க்க வேண்டாம். நடக்க விடவும் வேண்டாம். உடனே 108-க்குப் போன் செய்யுங்கள்.

இரண்டாவது, கெண்டைச் சதை வலி. ஒரு காலில் மட்டும் வீக்கம், சூடு, சிவப்பு, வலி இருந்தால் எச்சரிக்கை! அறுவைச் சிகிச்சை ஆனவர்கள், பிரசவம் ஆனவர்கள், பல நாள் படுக்கையில் கிடந்தவர்கள், நீண்ட பிரயாணம் செய்தவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். காலின் உள் ரத்தக் குழாயில் ரத்தம் கட்டியாக உறைந்து இருக்கலாம். அதன் மேல் கட்டையை உருட்டினால், அந்தக் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போய் அடைத்துக் கொள்ளலாம். அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.

மூன்றாவது, இடுப்பு வலி. வலியோடு கால் மரத்துப் போனாலும், பலம் குறைந்தாலும், சிறுநீர், மலம் அடக்க முடியாமல் போனாலும் காத்திருக்கக் கூடாது. நரம்பு நசுங்கி இருக்கலாம்.

எப்படி அடையாளம் காண்பது? பழக்கம் இல்லாத வேலை செய்த மறுநாள் வருவது, தொட்டால் வலிப்பது, அசைத்தால் வலிப்பது, நாளுக்கு நாள் குறைவது ஆகியவை பெரும்பாலும் தசை வலி. காரணம் இல்லாமல் வருவது, ராத்திரி தூங்க விடாதது, இரண்டு வாரம் ஆகியும் குறையாதது ஆகியவை டாக்டருக்கு உரியவை. சந்தேகம் இருந்தால் தேய்க்காதீர்கள்.

கடைசியாக ஒன்று

தசை வலிக்குக் கட்டையும் பந்தும் பாதி வைத்தியம். மீதிப் பாதி, உடம்பை அசைப்பது. வலிக்கிறது என்று படுத்தே கிடந்தால் உடம்பு இன்னும் இறுகும். மெதுவாக நடங்கள். வெந்நீரில் குளியுங்கள். நன்றாகத் தூங்குங்கள். தறியிலோ, தையல் மெஷினிலோ, கம்ப்யூட்டரிலோ இருப்பவர்கள் அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து கையையும் காலையும் நீட்டி மடக்குங்கள். இதற்குக் காசு வேண்டாம்.

இந்தக் கட்டுரையை வீட்டில் கண் தெரியாத பாட்டிக்கும், எழுத்துத் தெரியாத தாத்தாவுக்கும் ஒரு தடவை படித்துக் காட்டுங்கள். முக்கியமாக, "வாயு" என்ற பகுதியை இரண்டு தடவை படியுங்கள்.